பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: பனிக்கட்டி உருகுவதைப் பிள்ளைகள் தாங்களே அளக்கட்டும்

மதிப்புக்குரிய பாடநூல் குழுவினருக்கும், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

வெப்பம் பற்றிய பாடத்தில் ஒரே ஒரு மாற்றம் கேட்டு இதை எழுதுகிறேன். பனிக்கட்டி உருகும்போதும் தண்ணீர் கொதிக்கும்போதும் வெப்பநிலை ஏறாது என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும். அவர்களே தெர்மாமீட்டரைப் பிடித்து, அவர்களே எண்களை எழுத வேண்டும். அதற்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட்டைப் பாடநூலிலேயே ஒதுக்குங்கள். வெப்பநிலையை ஏற்றாமல் உருகுவதற்கும் ஆவியாவதற்குமே செலவாகும் அந்த வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்ற சொல்லும் அதன் சூத்திரமும் அதற்கு அடுத்த வகுப்பில் வரட்டும்.

பாடம் இப்போதே இருக்கிறதே, வரைபடமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாய்ந்து ஏறி, கொஞ்ச தூரம் படுத்து, மறுபடி ஏறும் அந்தக் கோட்டைப் பிள்ளைகள் அழகாக வரைகிறார்கள். படுத்திருக்கும் பகுதியில் 'உருகுதல்', 'கொதித்தல்' என்று எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். அப்படி மார்க் வாங்கிய பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உலை கொதித்துவிட்டது, அரிசியும் போட்டாயிற்று. இனி அடுப்பை முழுதாக எரியவிட்டால் சோறு சீக்கிரம் வேகுமா, சிம்மில் வைத்தாலும் அதே நேரம்தான் ஆகுமா? நான் கேட்டவரை பெரும்பாலான பிள்ளைகள் சொல்லும் பதில், முழுதாக எரிந்தால்தான் சீக்கிரம் வேகும் என்பதே. பட்டதாரிகளிடம் கேட்டாலும் பதில் பெரிதாக மாறுவதில்லை. தேர்வுக்கு எழுதிய விடை வீட்டு அடுப்பு வரைக்கும் வரவில்லை.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. தளதளவென்று கொதித்தாலும் 100, மெல்லக் கொதித்தாலும் 100. அதிகமாக எரியும் கேஸ் அத்தனையும் தண்ணீரை ஆவியாக்கி ஜன்னல் வழியே அனுப்பத்தான் செலவாகிறது. அரிசிக்குத் தெரிவது அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரின் வெப்பநிலை மட்டும்தான். 14.2 கிலோ சிலிண்டரை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடிய அறிவு.

ஊட்டியில் இருக்கும் பள்ளிக்கு இன்னும் சுவையான கேள்வி உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் போகாது. பருப்பு வேக நேரமாவது அதனால்தான். குக்கரில் இதற்கு நேர்மாறு: உள்ளே அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை போகிறது. மலையில் குக்கர் ஏன் அவசியமாகிறது என்பதை ஊட்டிப் பிள்ளையும், குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது என்பதை இராமநாதபுரத்துப் பிள்ளையும் ஒரே பாடத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். அழுத்தம் பற்றிய பாடம் வேறு அலகில் இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சரி, நான் கேட்கும் அந்த இரண்டு பீரியட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

ஜூஸ் கடையிலோ மீன் கடையிலோ வாங்கிய ஐஸைத் துணியில் சுற்றிப் பொடியாக உடைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு ஸ்டீல் டம்ளர், அதில் 100 கிராம் அளவுக்கு ஐஸ், நனையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர், ஒரு கரண்டி, ஒரு தெர்மாமீட்டர். பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டாம். உடைந்தால் வகுப்பறையில் பாதரசம் சிதறும். சிவப்புத் திரவம் உள்ள ஸ்பிரிட் தெர்மாமீட்டர் போதும். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை கோடு போட்டதாக இருக்கட்டும், அதற்கும் வேலை இருக்கிறது. டம்ளரை ஒரு முக்காலியில் வைத்து, அடியில் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தி வைக்க வேண்டும். ஒருவர் கலக்கிக்கொண்டே இருக்க, ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். தெர்மாமீட்டரின் குமிழ் டம்ளரின் அடியைத் தொடக்கூடாது. கலக்குவதை நிறுத்தக்கூடாது. இந்த இரண்டையும் ஆசிரியர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் ரீடிங் 1 அல்லது 2 இருக்கும். அப்புறம் 0. அப்புறமும் 0. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது, ஐஸ் குறைந்துகொண்டே வருகிறது, எண் மட்டும் அசையவில்லை. நாலாவது, ஐந்தாவது பூஜ்யத்தில் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை சொல்லிவிடும்: "சார், தெர்மாமீட்டர் ரிப்பேர்." பக்கத்துக் குழுவின் தெர்மாமீட்டரை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் 0 காட்டும். எல்லாத் தெர்மாமீட்டரும் ஒரே நேரத்தில் ரிப்பேர் ஆகாது என்று இன்னொரு பிள்ளை சொல்லும். எரிகிற சூடு எங்கே போகிறது என்ற கேள்வி அப்போது தானாக வரும். நாம் எழுப்பித் தர வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு உள்ளுறை வெப்பம் விடையோ, அந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்து வந்த பிறகு விடையைக் கொடுத்தால் அது மனதில் நிற்கிறது. அதற்காகத்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

கடைசித் துண்டு ஐஸ் கரைந்ததும் எண் ஏறத் தொடங்கும். மெழுகுவர்த்தி அதேதான், ஆனால் இப்போது ஒவ்வொரு ரீடிங்குக்கும் பல டிகிரி எகிறும். இதுவரை வரைபடத்தில் சாய்வு என்று படித்தது, அவர்கள் எழுதிய தாளில் எண்களாக வந்து நிற்கும்.

இடையில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டம்ளர் ஓட்டையா என்று கேட்கும் பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது, ஆகும்போது தன் வெப்பத்தை டம்ளருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. உள்ளே திடம் திரவமாகிறது, வெளியே வாயு திரவமாகிறது. ஒரே டம்ளரில் இரண்டு நிலைமாற்றம்.

இதை முதலில் அளந்தவரின் கதையும் பாடநூலில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் பெயரும் பிறந்த ஆண்டும் போட்ட பெட்டிச் செய்தி போதாது, அவர் செய்த கணக்கு வர வேண்டும். ஜோசப் பிளாக் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். உருகுநிலையை எட்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் சூடு பட்டதுமே பனிக்கட்டி முழுதும் தண்ணீராகிவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் அறிஞர்களும் நினைத்தார்கள். பிளாக் தன் ஊர்ப் பனிக்காலத்தைப் பார்த்து யோசித்தார். அது உண்மையானால், வெயில் கொஞ்சம் ஏறியதுமே மலையிலிருக்கும் பனி அத்தனையும் ஒரேயடியாக உருகி ஊரையே அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பனி வாரக்கணக்கில் மெதுவாகத்தான் உருகுகிறது. அப்படியானால் உருகுவதற்கே நிறைய வெப்பம் செலவாக வேண்டும்.

எவ்வளவு? 1761-ஐ ஒட்டி அவர் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் உறைந்த பனிக்கட்டி. மற்றதில் அதே எடை தண்ணீர், உறையாமல், 33 டிகிரி பாரன்ஹீட் வரை குளிர வைத்தது. இரண்டையும் 47 டிகிரி பாரன்ஹீட் இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் 33-லிருந்து 40-க்கு வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40-க்கு வரப் பத்தரை மணி நேரம் ஆனது. அதாவது இருபத்தொரு அரை மணி நேரம். அரை மணிக்கு 7 டிகிரி என்று வைத்தால் மொத்தம் 147 டிகிரி அளவு வெப்பம் உள்ளே போயிருக்கிறது. தெர்மாமீட்டரில் தெரிந்தது உறைநிலையான 32-லிருந்து 40 வரை ஏறிய 8 டிகிரி மட்டும். மீதி 139 டிகிரி அளவு வெப்பம் கண்ணில் படாமல் உருகலுக்குள் போய்விட்டது.

இந்த 139 பாரன்ஹீட் டிகிரியை நம் அளவுக்கு மாற்றினால் 77 செல்சியஸ் வருகிறது. அதாவது பனிக்கட்டியை உருக்கும் வெப்பம் அதே எடைத் தண்ணீரை 77 டிகிரி ஏற்றப் போதும். இன்று நாம் பயன்படுத்தும் எண்ணான 80-க்குக் கொஞ்சம் கீழே. இரண்டு குடுவை, ஒரு கூடம், ஒரு கடிகாரம், ஒரு தெர்மாமீட்டர். 260 ஆண்டுகளுக்கு முன்பு இவற்றை மட்டும் வைத்து இவ்வளவு நெருங்கியிருக்கிறார். பெருக்கலும் கழித்தலும் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு முழுதாகப் புரியும். அறிவியல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். கொஞ்சம் நீராவியைக் குளிர்ந்த தண்ணீருக்குள் செலுத்தினால், தன் எடையைப் போல ஆறு மடங்கு தண்ணீரை அது கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதைக் கண்டு திகைத்து பிளாக்கிடம் போனார். அந்தத் திகைப்புக்குப் பின் 1765-இல், நீராவி இயந்திரத்தின் உருளையைக் குளிர வைக்காமல் நீராவியை வேறொரு கலனில் குளிர வைக்கும் தனிக் குளிர்விப்பான் என்ற யோசனை அவருக்கு வந்தது. நீராவி இயந்திரத்தின் கதையை வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் பிள்ளை, அதன் வேர் இங்கே இருப்பதை அறிவியல் பாடத்தில் பார்க்கட்டும்.

இனி எண்கள். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி. உருகிய அந்த ஒரு கிராம் தண்ணீரை 0-லிருந்து 100 வரை சூடாக்க 100 கலோரி. அதை ஆவியாக்க 540 கலோரி. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கமே நம் பாடத்தில் இல்லை. கிலோவுக்கு 334 கிலோஜூல், 2,257 கிலோஜூல் என்று தனித்தனியாக அட்டவணையில் கொடுக்கிறோம், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். திடப்பொருளில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கு ஆற்றல் போவதால் அவற்றின் வேகம் கூடுவதில்லை. வெப்பநிலை என்பது அந்த வேகத்தின் அளவு என்பதால் எண் நகர்வதில்லை. ஆவியாகும்போது பிடி முழுதாக விட்டுப்போக வேண்டும். ஆகவே செலவு பல மடங்கு.

இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் எப்படிச் சுடுகிறது என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு 37 டிகிரிக்கு இறங்கினால் 63 கலோரி கொடுக்கும். அதே 100 டிகிரியில் இருக்கும் நீராவி ஒரு கிராம், முதலில் தண்ணீராக மாறும்போதே 540 கொடுத்துவிட்டு, அப்புறம் இந்த 63-ஐயும் கொடுக்கும். ஏறக்குறைய பத்து மடங்கு. தெர்மாமீட்டர் இரண்டுக்கும் 100 என்றுதான் காட்டும். வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று பத்து வரி எழுதுவதற்குப் பதில் இந்த ஒரு கணக்கைப் போட வைக்கலாம். மாவு இட்லியாக வேகும் சூடும் இதே வழியில்தான் கிடைக்கிறது. ஆவி மாவின் மேல் தண்ணீராக மாறி, தன்னிடம் உள்ளதை அதற்குக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது பீரியட்டில் செய்ய இரண்டு சோதனைகள் சொல்கிறேன். ஒன்று: 100 கிராம் பொடித்த ஐஸ், 80 டிகிரியில் 100 கிராம் தண்ணீர். இரண்டையும் கலந்தால் என்ன வெப்பநிலை வரும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 40 என்று எழுதுவார்கள். ஆசிரியர் கையால் ஊற்றிக் கலக்கட்டும், வெந்நீர் என்பதால் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். 40 வராது. பூஜ்யத்தை ஒட்டி, ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே வந்து நிற்கும். 80 டிகிரியில் இருந்த வெந்நீரின் சூடு முழுதும் ஐஸைத் தண்ணீராக்கவே சரியாகப் போய்விட்டது. கை பொறுக்காத வெந்நீர் சில நிமிடத்தில் பல் கூசும் குளிராகி நிற்பதைப் பார்க்கும் வகுப்பின் சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். கேட்கட்டும்.

மற்றது, ஐஸில் கைப்பிடி கல் உப்பு. எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். -5, -8 என்று போகும்போது தெர்மாமீட்டரின் கோடே தீர்ந்துவிடும். -10 வரை கோடு வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். சரியான அளவில் கலந்தால் -21 வரை போகக் கூடியது இது. உப்பு ஐஸை உருக வைக்கிறது, உருகத் தேவையான வெப்பத்தைக் கொடுக்க அங்கே வேறு எதுவும் இல்லாததால் ஐஸும் தண்ணீரும் தங்களிடமிருந்தே கொடுத்துக் குளிர்கின்றன. குல்ஃபி விற்பவரின் பானையில் ஐஸோடு உப்பு ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வார்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். மார்கழிக் காலையில் கோவையில் உறைந்து கிடக்கும் எண்ணெய் சென்னையில் பல நாள் உறைவதே இல்லை. அதன் உருகுநிலை 24 டிகிரியை ஒட்டியது என்பதுதான் காரணம். ஆனால் அது பல கொழுப்புகளின் கலவை என்பதால் ஐஸைப் போல ஒரே எண்ணில் நின்று உருகாது, கொஞ்சம் கொஞ்சமாக இளகும். நெய்யும் அப்படித்தான். "ஐஸுக்கு வந்த நேர்கோடு நெய்க்கு ஏன் வரவில்லை" என்று ஒரு பிள்ளை கேட்டால், தூய பொருளுக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாட்டை வேதியியல் பாடம் வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே சொல்லிவிடலாம்.

அப்புறம் வியர்வை. இதை இந்தப் பாடத்தில் சேர்க்காமல் விடுவது நம் ஊரில் சரியில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து 580 கலோரி அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வழிந்து தரையில் சொட்டினால் எடுத்துக்கொண்டு போவது மிகக் கொஞ்சம். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. மண்பானைத் தண்ணீர் மதுரைக் கோடையில் குளிர்வது போலச் சென்னையில் குளிராததும் இதனால்தான். வெப்ப அலையைக் கணிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 டிகிரி என்றும் வேறுவேறு அளவு வைத்திருக்கிறது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. கட்டட வேலைக்கும் உப்பளத்துக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, 36 டிகிரிதானே என்று நினைக்கக் கூடாத நாள் எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதிகம் இறங்கினால் வியர்வை வேலை செய்யும் நாள். இறங்காவிட்டால் நிழலும் ஓய்வும் கூடுதலாக வேண்டிய நாள்.

இனி நீங்கள் சொல்லப்போகும் தடைகளுக்கு வருகிறேன். போர்ஷன் முடியாது என்பது முதலாவது. பாடத்தில் இருக்கும் வரையறைகளில் பாதியை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும். ஐம்பது பிள்ளைகள் என்பது அடுத்தது. ஆறு பேருக்கு ஒன்று என்றால் எட்டு, ஒன்பது தெர்மாமீட்டர். பள்ளிக்கு ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் வரும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் ஏற்கெனவே பள்ளி பள்ளியாகச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. அதன் பட்டியலில் இதைச் சேர்த்தால் ஆள் பற்றாக்குறையும் தீரும்.

உண்மையான தடை தேர்வுத் தாள். வரையறை கேட்கும் ஒரு மார்க்கும், நிறையை உள்ளுறை வெப்பத்தால் பெருக்கும் இரண்டு மார்க்கும் இருக்கும் வரை எந்த ஆசிரியரும் ஐஸ் வாங்கப் போக மாட்டார். இப்படி ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய ரீடிங் 1, 0, 0, 0, 0, 1, 6, 12. கடைசித் துண்டு ஐஸ் ஏறக்குறைய எப்போது கரைந்தது? மூன்றாவது ரீடிங்குக்கும் நான்காவதுக்கும் இடையில் மெழுகுவர்த்தி கொடுத்த வெப்பம் என்ன ஆனது? சோதனையைச் செய்த பிள்ளை மனப்பாடம் இல்லாமலே எழுதிவிடும்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் கொதிநிலை என்றால் எல்லா நோட்டிலும் 100 என்று இருக்கிறது. அளந்தால் 98 வரும், 98.5 வரும், 99 வரும். தெர்மாமீட்டரின் தரம், ஊரின் உயரம், அன்றைய காற்றழுத்தம், குமிழ் எவ்வளவு முங்கியிருக்கிறது எல்லாம் அதில் சேரும். 98 என்று எழுதிய பிள்ளையை அழித்து 100 எழுதச் சொன்னால், கண்ணால் பார்த்ததை நம்பாதே என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். ரெக்கார்டு மதிப்பீட்டு வழிகாட்டியில் ஒரு வரி சேருங்கள்: பார்த்த எண்ணை எழுதியதற்கு முழு மார்க்.

வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர் பயிற்சி நடத்துவீர்கள் என்றால், அதில் அரை நாளை இதற்குக் கொடுங்கள். ஆசிரியர்களும் உட்கார்ந்து கலக்கி, ரீடிங் எடுத்துப் பார்க்கட்டும். என் பிள்ளைகள் எழுதிய ரீடிங் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் படியெடுத்து அனுப்புகிறேன். எதை வேண்டுமானாலும் பாடநூலில் போட்டுக்கொள்ளலாம், எண்களை மட்டும் திருத்தாமல்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்